எட்டு நாற்பதுக்கு வருகிறவன்

செத்து நாலு மாதம் ஆன ஒருவன் தினமும் காலை எட்டு நாற்பதுக்கு வேலைக்கு வருகிறான் என்றால், அவனை வரவேற்க நாம் எட்டரைக்கே போய் நிற்பதுதான் மரியாதை என்று மேடம் சொல்லிவிட்டார். வாலுவுக்கு இந்த மரியாதையில் துளியும் இஷ்டமில்லை. திருடனைப் பிடி என்றால் பிடிப்பான். வீட்டை விட்டு ஓடிய மாப்பிள்ளையைப் பிடி என்றாலும் பிடிப்பான். பேய் பிடிப்பது நம் ஒப்பந்தத்திலேயே இல்லை என்று பஸ்ஸில் வரும்போது இரண்டு தடவை முணுமுணுத்தான். ஒப்பந்தம் என்று ஒன்று எழுதியிருந்தால்தானே அதில் இல்லாமல் போக, என்று மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வாலுவுக்கு வயது நாற்பத்திரண்டு. வாய் சும்மா இருக்காது என்று பள்ளிக்கூடத்தில் விழுந்த பேர் அது. தலையில் பாதி முடி போன பிறகும் பேர் மட்டும் போகவில்லை. மேடம் முன்பு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினாறு வருஷம், அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவர். ஒரு நாள் அலுத்துப்போய், தப்பையே பார்த்துக்கொண்டிருப்பதற்குப் பதிலாகத் தப்புச் செய்கிறவர்களை நேரில் பார்க்கலாமே என்று துப்பறிய வந்துவிட்டார். வாலு அவரிடம் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

அவர்கள் வந்து நின்ற இடம் ஒரு குளிர் கிடங்கு. மீனையும் பட்டாணியையும் உறையவைத்து அறை அறையாக அடுக்கிவைக்கிற இடம். வெயில் சுள்ளென்று அடிக்கிற தெருவில் அதன் சுவர் மட்டும் வேர்த்து ஈரமாக இருந்தது. வாசலில் அட்டையை அழுத்த ஒரு சின்னப் பெட்டி, வாசல் சுவரில், தெருவிலிருந்தே படிக்கிற மாதிரி, சிவப்பு எழுத்து ஓடுகிற ஒரு பலகை. உள்ளே போகிறவர் அட்டையை அழுத்திவிட்டுப் போவார். நிமிஷத்துக்கு ஒரு தடவை, அந்த நிமிஷத்தில் போனவர்களின் பேரெல்லாம் பலகையில் வரிசையாக ஓடும். முதன்முதலில் இந்தப் பேர்களைப் பதிந்த குமாஸ்தா குறும்புக்காரர் போலிருக்கிறது. எல்லாருக்கும் பட்டப்பேரையே ஏற்றிவைத்திருந்தார்.

எதிர்ப் பக்க நடைபாதையில் ஒரு பெண் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இந்தத் தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுகிறது. இரண்டு கட்டிடம் தள்ளி, கிடங்குக்காரர்களுக்குப் பஞ்சு வைத்த குளிர்கோட்டு தைக்கிற கடையில் வேலை. இவள்தான் மேடத்தைத் தேடி வந்தவள்.

எட்டு நாற்பது ஆனது. பலகையில் எட்டுப் பேர் ஓடி முடிந்தது. ஒன்பதாவதாக வந்தது:

சுருட்டை – உள்ளே – 8:40.

வாலு மேடத்துக்குப் பின்னால் ஓரடி நகர்ந்துகொண்டான். அக்கா உதடு அசையாமல், "வந்துட்டான்" என்றாள். பிறகு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அது தன் தம்பி இல்லை என்று தனக்குத் தெரியும், தனக்கு ஒன்றும் பைத்தியம் பிடிக்கவில்லை என்று மேடத்திடம் விளக்கினாள். ஆனாலும் அந்தப் பேர் ஓடுகிறவரை ஊசியில் நூல் கோர்க்கக் கை வருவதில்லையாம். நாலு மாதமாக இப்படித்தான்.

அவள் தம்பிதான் சுருட்டை. தலைமுடியால் வந்த பேர். நாலு மாதம் முன்பு ஒரு நாள் மதியம் ஒன்று ஐம்பதுக்கு மூன்றாம் அறைக்குள் போனவன், மறுநாள் காலையில்தான் வெளியே வந்தான், நாலு பேர் தூக்கிக்கொண்டு. அந்த அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்பக்கக் கைப்பிடி உடைந்து மாதக்கணக்காகியும் யாரும் மாற்றவில்லை, உள்ளே இருக்கிற மணியும் அடிக்காது. அதனால் அங்கே ஒரு பழக்கம். உள்ளே போகிறவர் ஒரு காலி மீன்பெட்டியைக் கதவிடுக்கில் வைத்துவிட்டுத்தான் போவார். பெட்டி இருந்தால் கதவு சாத்தாது. பெட்டி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்றும் அர்த்தம். சுருட்டையைக் கண்டெடுத்தபோது பெட்டி வெளியே சுவரோரம் கிடந்தது.

அறைகளுக்கும் அட்டை அழுத்தித்தான் போகவேண்டும். அந்த மதியம் அந்த அறைக்கு வேறு யாரும் போனதாகப் பதிவில் பேர் இல்லை. ஆகவே சுருட்டை பெட்டி வைக்காமலே போயிருக்கிறான், சாவுக்கு அவனுடைய அஜாக்கிரதைதான் காரணம் என்று கம்பெனி விசாரணையில் எழுதிவிட்டார்கள். இன்றைக்கு மாலை நாலு மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்டு அந்தக் கோப்பை மூடப்போகிறார்.

"பெட்டி வைக்காம அவன் போயிருக்க மாட்டாங்க," என்றாள் அக்கா. "வீட்டுல அடுப்பை அணைச்சோமான்னு பாதித் தெருவுலேருந்து திரும்பி வந்து பார்க்கிறவன். அதை மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. பெட்டி வெச்சானா, இல்லையா. வேற எதுவும் எனக்கு வேணாம்."

அவள் போனதும் மேடம் வாலுவின் பக்கம் திரும்பி, அந்த நிமிஷத்தில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேட்டார். எண்ணச் சொல்லியிருந்தார். அவனும் எண்ணியிருந்தான். ஒன்பது பேர். பலகையிலும் ஒன்பது பேர். கணக்கு கச்சிதமாக இருக்கிறது, பேய் ஒழுங்காக வரிசையில் நின்று வந்திருக்கிறது என்றான் வாலு.

"ஒன்பது உடம்பு, ஒன்பது பேர். அதுல ஒரு பேர் செத்தவன் பேர். அப்போ உயிரோட இருக்கிற ஒருத்தன் பேர் வரலை," என்றார் மேடம். "வந்த பேரைப் பார்த்து எல்லாரும் பயந்துட்டு நிக்கிறாங்க. வராத பேர் எதுன்னு யாருமே கேக்கலை."

வாலு பலகையை மறுபடி அண்ணாந்து பார்த்தான்.

வாசல் அறையில் வாட்ச்மேன் இருந்தார். பதினோரு வருஷமாக அதே நாற்காலி. சுருட்டையின் அட்டையை அவர்தான் ஒளித்துவைத்துக்கொண்டு விஷமம் பண்ணுகிறார் என்று மேனேஜருக்கு முதலில் சந்தேகம். அட்டை மேனேஜரின் மேஜை இழுப்பறைக்குள்ளேயே, அரக்கு வைத்த உறைக்குள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் விட்டார்களாம். மனிதர் அந்தக் கோபத்தில் இருந்தார். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காததற்கும் சொன்னார்.

எட்டு நாற்பதுக்கு நுழைந்த ஒன்பது முகங்களையும் அவர் விரல்விட்டு எண்ணினார். எட்டுப் பேர் பலகைப் பேர்களோடு பொருந்தியது. ஒன்பதாவது ஆள் புரோகிராமர். கம்பெனி ஆள் இல்லை, வெளியாள். ஐந்து மாதம் முன்பு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிவிட்டுப் புதுசு வைத்தார்களே, அதற்காக வந்தவன். வெளியாட்களுக்கு அட்டை எண் இருநூறுக்கு மேலேதான் கொடுப்பார்கள், இவனுடையது இருநூற்று மூன்று. அவன் பேர் பலகையில் வந்து தான் பார்த்ததே இல்லை, வெளியாளுக்கெல்லாம் பேர் வராதோ என்று நினைத்துக்கொண்டதாகச் சொன்னார் வாட்ச்மேன்.

"ஒரே ஒரு தடவை வந்துச்சும்மா. சுருட்டையை எடுத்த மறுநாள். காலையில பத்து மணி இருக்கும், டீ குடிக்க வெளியே போனார். பலகையில 'புரோகிராமர் – வெளியே'ன்னு ஓடுச்சு. அட, உனக்கும் பேர் இருக்கான்னு கேட்டேன். அவர் சிரிக்கலை. பலகையைப் பார்த்துட்டு, டீயும் குடிக்காம உள்ள ஓடிட்டார்."

வேறு வெளியாள் யாராவது வருவதுண்டா என்று மேடம் கேட்டார். எடை மெஷின் ரிப்பேர்காரன் ஒருவன் இருநூற்று ஒன்றாம் அட்டையோடு எப்போதாவது வருவான் என்றார் வாட்ச்மேன். போன மாதம் அவன் வந்தபோது பலகையில் தொப்பி என்று வந்ததாம். தொப்பி பத்து வருஷம் முன்பு இங்கே பெட்டி கட்டிக்கொண்டிருந்தவர், வேலையை விட்டு மகளோடு போய்விட்டார். நன்றாகத்தான் இருக்கிறார், பேரன் கல்யாணப் படம்கூட வந்தது என்று கூடுதல் தகவலும் கொடுத்தார்.

"உயிரோட இருக்கிறவருக்குமா பேய் வருது?" என்றான் வாலு. கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

புரோகிராமரின் அறை மாடியில். ஜன்னலுக்கு வெளியே நேர் கீழே வாசல் பலகை. திரை இழுத்து மூடி, துணிக் கிளிப் போட்டிருந்தது. முப்பது வயது இருக்கும் அவனுக்கு. கண்ணைச் சுற்றிக் கருவளையம், மூன்று நாள் தாடி. புரோகிராமைக் காட்டச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாமல் திறந்து காட்டினான். மேடம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். வாலுவுக்கு அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும், பசித்தவர் பந்தியில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

அங்கே ஏற்பாடு இப்படி. அட்டை அழுத்தும்போது மெஷின் எண்ணை மட்டும்தான் கோப்பில் சேர்த்துக்கொண்டு போகும். எந்த அறை, எத்தனை மணி, என்ன எண், அவ்வளவுதான். அதைப் படித்துப் பிரித்துப் பேராக மாற்றிக் கொடுப்பது ஒரு புரோகிராம். பார்சர் என்று அதற்குப் பேர். பலகைக்கும் அதுதான் படித்துச் சொல்கிறது, மேனேஜர் எடுக்கிற தாளுக்கும் அதுதான். பத்தே நிமிஷத்தில் மேடம் ஒரு வரியில் விரலை வைத்தார்.

"இதுதான் உன் பேய், வாலு."

வாலு எட்டிப் பார்த்தான். அவனுக்கு அது பல் விளக்காத ஆங்கிலம் மாதிரி இருந்தது. மேடம் பொறுமையாகச் சொன்னார். சி மொழியில் கேரக்டர் என்று ஒரு குட்டி டப்பா உண்டு. இருநூற்று ஐம்பத்தாறு எண்களில் ஏதாவது ஒன்றை அதில் வைக்கலாம். ஆனால் வைத்ததை இரண்டு விதமாகப் படிக்கலாம். பூஜ்யத்திலிருந்து 255 வரை என்று படித்தால் அன்சைன்டு. பாதியை மைனஸுக்கு விட்டுக்கொடுத்து, மைனஸ் 128-லிருந்து 127 வரை என்று படித்தால் சைன்டு. எந்த விதம் என்று எழுதுகிறவர் சொல்லாமல் விட்டால், மெஷினுக்கு மெஷின் அது மாறும்.

"அப்போ இதுக்குக் கேரக்டரே சரியில்லைன்னு சொல்லுங்க," என்றான் வாலு.

"கடிகாரத்தைப் பாரு. முள் எட்டு நாற்பதுல நிக்குது. எட்டு அடிச்சு நாற்பது நிமிஷம்னும் சொல்லலாம். ஒன்பதுக்கு இருபது நிமிஷம் பாக்கின்னும் சொல்லலாம். முள் ஒண்ணுதான், படிக்கிறது ரெண்டு விதம். இருநூற்று மூணையும் அதே மாதிரி, 256-க்கு அம்பத்து மூணு பாக்கின்னு படிச்சா மைனஸ் அம்பத்து மூணு."

இதை முதலில் எழுதியவர் பழைய மெஷினில் எழுதினார். அது அன்சைன்டாகப் படித்தது. 203 என்றால் 203. புது மெஷின் சைன்டாகப் படிக்கிறது. 127 வரை உள்ள அட்டைகளுக்கு ஒரு வித்தியாசமும் இல்லை, அதனால்தான் கம்பெனி ஆட்கள் எல்லாருடைய பேரும் சரியாக வருகிறது. வெளியாள் அட்டைகள்தான் மைனஸுக்குப் போய்விடுகின்றன. வேலையில் இருக்கிறவர்கள் பட்டியலில் மைனஸ் ஐம்பத்து மூன்றாவது ஆளைக் கொண்டா என்றால் மெஷின் என்ன செய்யும்? கேள்வி கேட்காது. பட்டியலின் தலையிலிருந்து ஐம்பத்து மூன்று இடம் பின்னால் நடந்துபோய், அங்கே யார் இருக்கிறாரோ அவரை அழைத்துக்கொண்டு வந்துவிடும். இந்தப் பட்டியலுக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருப்பது விலகியவர்கள் பட்டியல். 128 இடம் அதற்கு. அதில் கடைசியிலிருந்து ஐம்பத்து மூன்று பின்னால் போனால் 75 என்று எண் போட்ட இடம்.

மேடம் அந்தப் பட்டியலைத் திறந்தார். 73-இல் தொப்பி. 75-இல் சுருட்டை.

வாலுவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆகக்கூடி ஒரு வார்த்தை விட்டுப்போனதற்கா இத்தனை பேர் நாலு மாதமாகக் குலை நடுங்கினார்கள் என்று சிரித்தான். புரோகிராமரும் சிரித்தான், சிரிப்பு முகத்தில் பாதிவரைதான் வந்தது. தான் அந்த வரியைக் கவனிக்கவே இல்லை, தப்புத்தான், மன்னிக்கணும் என்றான். அன்சைன்டு என்று ஒரு வார்த்தை சேர்த்தால் சரியாகிவிடும். ஆனால் நாலு மணிக்கு விசாரணைக் கோப்பை மூடுகிறவரை மெஷினைத் தொட வேண்டாம், அதற்கப்புறம் தானே செய்துவிடுவதாகக் கேட்டுக்கொண்டான்.

மேடம் இரண்டு வரி கீழே காட்டினார். அறைகளின் குளிர் அளவைப் படிக்கிற வரி அது. அதில் சைன்டு என்று தெளிவாக எழுதியிருந்தது. குளிருக்கு மைனஸ் வேண்டுமே. முதலில் எழுதியவர் அங்கே ஜாக்கிரதையாக இருந்திருக்கிறார், இங்கே விட்டுவிட்டார், பாவம் என்று மேடம் சொன்னார். அப்புறம் சும்மா பேச்சுவாக்கில் கேட்பதுபோல, இந்தப் புரோகிராமைக் கடைசியாக எப்போது தொட்டீர்கள் என்று கேட்டார்.

"மெஷின் மாத்தினப்போதான் மேடம். அஞ்சு மாசம் இருக்கும்."

மேடம் தலையாட்டினார். திரையில் புரோகிராமின் பேருக்குப் பக்கத்தில் அது கடைசியாக மாற்றப்பட்ட தேதியை மெஷின் தானாகவே போட்டு வைத்திருந்தது. வாலுவும் பார்த்தான். சுருட்டையை எடுத்ததற்கு மறுநாள், காலை பத்து மணி பன்னிரண்டு நிமிஷம். அறை முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருந்தும் புரோகிராமரின் மேலுதட்டில் வேர்த்திருந்தது.

படியிறங்கும்போது வாலு சிரிக்கவில்லை. டீக்கடைக்குப் போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை. நேரே மேனேஜரின் அறைக்குப் போனார்கள்.

மேனேஜர் நல்ல மனிதர் என்றுதான் சொல்ல வேண்டும். யாரையும் நேருக்கு நேர் பார்த்துத் திட்டத் தெரியாதவர். அந்தக் கைப்பிடியை மாற்றச் சொல்லி வந்த மூன்று சீட்டுகள் அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலேயே கிடந்தன, எடுத்து மறைக்கவும் அவருக்குத் தெரியவில்லை. விசாரணைத் தாளை மேடத்திடம் நீட்டினார். மூன்றாம் அறையின் பதிவு, உடலை எடுத்த அன்றே அச்சடித்தது.

1:50 – சுருட்டை – உள்ளே. அதற்குக் கீழே 2:10, பேர் இருக்க வேண்டிய இடம் வெறுமை, உள்ளே. அதற்கும் கீழே 2:25, மறுபடி வெறுமை, வெளியே.

இது என்ன என்று மேடம் கேட்டார். மெஷின் புதுசு, அப்போதெல்லாம் இப்படி அடிக்கடி பேர் இல்லாமல் ஒரு வரி விழும், அது மெஷின் விடுகிற ஏப்பம் என்று புரோகிராமர் சொன்னதாக மேனேஜர் சொன்னார். விசாரணைக் குழுவும் ஏப்பம் என்றே எழுதிக்கொண்டதாம்.

"அதே நாள் பதிவை இப்போ ஒரு தடவை அச்சடிங்க," என்றார் மேடம்.

மேனேஜர் தன் மேஜையிலிருந்தே பொத்தானை அழுத்தினார். தாள் வந்தது. வாலுதான் முதலில் எடுத்தான். எடுத்தவன் அதைக் கீழே போட்டுவிட்டான்.

1:50 – சுருட்டை – உள்ளே.
2:10 – சுருட்டை – உள்ளே.
2:25 – சுருட்டை – வெளியே.

உறைந்து செத்தவன் இரண்டு இருபத்தைந்துக்கு எழுந்து வெளியே நடந்துபோயிருக்கிறான், இதோ கம்பெனித் தாளில் கருப்பு மையில் போட்டிருக்கிறது. மேனேஜர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாலுவின் தலையில் மிச்சமிருந்த முடியெல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

மேடம் மட்டும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சுருட்டையின் பேரை விலகியவர்கள் பட்டியலில் எப்போது சேர்த்தீர்கள் என்று மேனேஜரைக் கேட்டார். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் என்றார் அவர். அதற்கு முன்னால் 75-ஆம் இடத்தில் யார்? யாருமில்லை, அடுத்த காலி இடம் அதுதான்.

"காலியா இருந்த இடத்துலேருந்து பேர் எடுத்தா, வெறும் இடம்தான் வரும்," என்றார் மேடம். குரலில் சந்தோஷம் இல்லை. "மூணு நாள் கழிச்சு அங்க சுருட்டையை வெச்சீங்க. அதுலேருந்து அந்த ஆள் எங்க போனாலும் சுருட்டைன்னு வருது. அன்னிக்கு ரெண்டு பத்துக்கு மூணாம் அறைக்குள்ள போனது யாருன்னு இப்பவாவது தெரியுதா?"

மேனேஜருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வாலுவுக்கு அரை நிமிஷம்தான். தினமும் காலை எட்டு நாற்பதுக்கு அந்தப் புரோகிராமர் பையன் அட்டையை அழுத்திவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, தான் யார் பேரில் உள்ளே போகிறோம் என்று தெரிந்தே போயிருக்கிறான். ஒரு வார்த்தை சேர்த்தால் நின்றுவிடும். சேர்த்தால் இந்தத் தாளிலும் அவன் பேர் வந்துவிடும். நாலு மாதமாக அந்த ஜன்னல் திரைக்குக் கிளிப் போட்டிருப்பது எதற்கு என்று வாலுவுக்கு இப்போது விளங்கியது. அவனை நினைத்தால் கோபம் வரவேண்டிய இடத்தில் வாலுவுக்குக் குளிரத்தான் செய்தது.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே வந்தாள். புரோகிராமரின் அறையில் நாற்காலி ஒன்றுதான் கூடுதலாக இருந்தது, அவள் உட்கார மறுத்துவிட்டாள். மேனேஜர் கையில் மூடவேண்டிய கோப்பு. மேடம் புரோகிராமரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"அந்த வார்த்தையை நீங்களே சேர்த்துடுங்க தம்பி. நான் செய்யலாம். ஆனா நீங்க செய்யறதுதான் சரி."

அவன் கைகள் விசைப்பலகைமேல் இருந்தன, அசையவில்லை. நாலு மணிக்கு அப்புறம் செய்கிறேன் என்று ஒரு தடவை சொன்னான். மேடம் நாற்காலிக்குப் பின்னாலிருந்து நகரவில்லை. பிறகு, ஏற்கெனவே ஒரு தடவை சேர்த்துப் பார்த்ததாகவும், பலகையில் தன் பேர் வருகிறது என்று வாட்ச்மேன் சொன்னதும் திரும்ப ஓடிவந்து அழித்துவிட்டதாகவும் திரையைப் பார்த்தே சொன்னான். மூன்று நாள் கழித்து முதல் தடவையாகச் சுருட்டை என்று பலகை கூப்பிட்டபோது, தான் நடந்துகொண்டே இருந்ததாகவும், திரும்பினால் பின்னால் சுருட்டையே நிற்பார் என்று தோன்றியதாகவும் சொன்னான். அவன் சொல்ல வேண்டியவளின் முகத்தை மட்டும் அவன் பார்க்கவில்லை.

எட்டெழுத்துள்ள ஒரு ஆங்கில வார்த்தை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். அச்சு மெஷின் இழுத்து இழுத்துத் தாளைத் தள்ளியது. மேடம் அதை எடுத்து அக்காவின் கையில் கொடுத்தார்.

1:50 – சுருட்டை – உள்ளே.
2:10 – புரோகிராமர் – உள்ளே.
2:25 – புரோகிராமர் – வெளியே.

அக்கா அதை இரண்டு தடவை படித்தாள். அப்புறம் அவனிடம் நேராகக் கேட்டாள். குரல் உயரவில்லை.

"நீங்க போனப்போ பெட்டி இருந்துச்சா?"

அவன் முதல் தடவையாக அவளைப் பார்த்தான்.

"இருந்துச்சுக்கா. கதவிடுக்குலதான் இருந்துச்சு. பெட்டி இருந்தா உள்ள ஆள் இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் மாடி ஆள். குளிர் அளக்கிற கருவியை மாட்டிட்டு வெளியே வந்தேன், அடுக்குக்குப் பின்னால ஆள் இருந்தது தெரியலை, கதவு திறந்திருக்குன்னு மெஷின் கத்திக்கிட்டே இருந்துச்சு. பெட்டியைக் காலால தள்ளினேன். நான்தான் தள்ளினேன்."

அக்கா கழுத்து நாடாவின் இரண்டு நுனியையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கத்துவாள், அடிப்பாள், மயங்கி விழுவாள் என்று வாலு எதிர்பார்த்துக் கிட்டத்தில் போய் நின்றான். அவள் மேனேஜர் பக்கம் திரும்பி, "அவன் வெச்சிருக்கான்னு எழுதுங்க" என்று மட்டும் சொன்னாள். மேனேஜர் பேனாவைத் திறந்தார். எழுத்து கோணலாக விழுந்தது, இருந்தாலும் எழுதினார். மேடம், மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்து வந்திருந்த அந்த மூன்று கைப்பிடிச் சீட்டுகளையும் அதே கோப்புக்குள் வைத்தார். மேனேஜர் தடுக்கவில்லை.

நாலரைக்கு மேனேஜரும் புரோகிராமரும் போலீஸ் நிலையத்துக்குப் புறப்பட்டார்கள். வாசலில் இருவரும் பழக்கத்தில் அட்டையை அழுத்தினார்கள். பலகையில் அவனுடைய பேர் ஓடியது. அவன் ஒரு நொடி நின்று அதைப் படித்துவிட்டுப் போனான்.

பஸ்ஸில் திரும்பும்போது வாலு டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில், எல்லாம் சரி, மைனஸ் சரி, பட்டியல் சரி, ஆனால் அவ்வளவு இடம் இருக்கும்போது சுருட்டை மிகச் சரியாக எழுபத்தைந்தாம் இடத்தில், அந்த ஒருத்தனுடைய அட்டைக்கு நேராக ஏன் போய் விழவேண்டும் என்று கேட்டான். அடுத்த காலி இடம் அது, அதனால் விழுந்தான் என்றார் மேடம். அது தனக்கும் தெரியும் என்றான் வாலு. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு மேடம், "எனக்கும் தெரியலை வாலு" என்றார்.

மறுநாள் காலையில் வாலுவை யாரும் அனுப்பவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. இருந்தாலும் எட்டரைக்கு அந்தத் தெருவில் போய் நின்றான். எதிர் நடைபாதையில் அக்கா நின்றிருந்தாள், மார்போடு துணிப்பை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எட்டு நாற்பது ஆனது. பலகையில் எட்டுப் பேர் ஓடி முடிந்தது.

ஒன்பதாவதற்காக வாலு காத்திருந்தான். பேய் என்றால் பத்தடி தள்ளி ஓடுகிறவன், ஒரே ஒரு தடவை வந்துவிட்டுத்தான் போயேன் என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

எட்டு நாற்பத்தொன்று ஆனது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தையல்கடைக்கு நடந்தாள்.